ஒரு மூடி எண்ணெய்... ஓங்கி ஒரு உதை!

உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே என்ன இருக்கிறது? கொஞ்சம் குனிந்து எட்டிப் பாருங்கள். அறுந்துபோன கொடிக்கயிறு, ஓடாத மிக்ஸி, போன கார்த்திகைக்கு வாங்கி மிஞ்சிய அகல் விளக்கு... இதற்கெல்லாம் பின்னால், கிழிந்த படுதாவைப் போர்த்திக்கொண்டு அப்பாவின் பஜாஜ் சேட்டக்கோ, மாமாவின் யெஸ்டியோ, தாத்தாவின் சுவேகா மொபெட்டோ நின்றுகொண்டிருந்தால் நீங்கள் பாக்கியசாலி!

வாரத்துக்கு ஒரு முறை அம்மா ஆரம்பித்துவிடுவார். "ஏம்ப்பா, இதைக் காயலான் கடைக்குப் போட்டா இடமாவது மிச்சமாகும்ல? விளக்குமாறு வைக்கக்கூட வழியில்லை!"

அப்பா வாயே திறக்க மாட்டார். பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். கல்யாணமான புதுசில் அதே அம்மாவை அதே வண்டியில் உட்கார வைத்து வில்லியனூர் தேருக்குக் கூட்டிப்போனது அவருக்குத்தானே தெரியும்!

சரி, அந்த வண்டிக்கு மறுபடி உயிர் வருமா? வரும். ஆபீஸ் வேலை பார்க்கிற ஆசாமிகூட, ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் வைத்துக்கொண்டு பாதி வேலையைத் தன் கையாலேயே முடித்துவிடலாம். ஆனால், சில சமாச்சாரங்களைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். இல்லையென்றால் பர்ஸும் போகும், சமயத்தில் பல்லும் போகும்!

புல்வெட்டிக்கு ஒரு மியூசியம்

'நமக்கு மட்டும்தான் இந்தக் கிறுக்கா?' என்று கவலைப்பட வேண்டாம். இங்கிலாந்தில் இதைவிட முற்றிய கேஸெல்லாம் உண்டு. அங்கே சிலர் உயிர் கொடுப்பது பழைய புல்வெட்டும் மெஷினுக்கு! சௌத்போர்ட் என்கிற ஊரில் புல்வெட்டும் மெஷின்களுக்கென்றே தனியாக ஒரு மியூசியம் இருக்கிறது. 1973ல் நாலு பேர் கூடி, புல்வெட்டும் மெஷின்களை வைத்து ரேஸ் விடுவதற்கென்றே ஒரு சங்கமும் ஆரம்பித்துவிட்டார்கள். (பயப்படாதீர்கள், பிளேடைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள்!)

நம்மூர் வெயிலில் புல் வளர்ப்பதே பெரும்பாடு. அப்படியே வளர்ந்தாலும் வெட்டுவதற்கு மாடு வந்துவிடும். அது பெட்ரோலும் கேட்காது, போதாக்குறைக்குப் பாலும் கொடுக்கும்.

சிரிக்கிறோமே தவிர, அந்தப் புல்வெட்டியும் நம்ம மாடிப்படி வண்டியும் ஒரு வகையில் பங்காளிகள். 1921ல் பர்மிங்ஹாமில் 'அட்கோ' என்ற பெயரில் ஒரு மோட்டார் புல்வெட்டி வந்தது. அதில் இருந்தது 'வில்லியர்ஸ்' கம்பெனியின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். அதே வில்லியர்ஸ் வம்சத்து 173 சி.சி. எஞ்சின்தான், 1960களில் சென்னை திருவொற்றியூரில் தயாரான 'என்ஃபீல்ட் ஷெர்பா' மோட்டார் சைக்கிளிலும் இருந்தது. அங்கே புல்லை வெட்டியது, இங்கே நம்ம ஆட்களைச் சுமந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்!

மூன்று பேர் குடும்பம்

டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஒரு சின்னக் குடும்பம். அசைகிற ஆட்கள் முக்கியமாக மூன்றே பேர்: பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க். வால்வு கிடையாது, கேம் ஷாஃப்ட் கிடையாது, அதை ஓட்ட ஒரு செயினும் கிடையாது. சிலிண்டர் சுவரில் சில ஜன்னல்கள் இருக்கும். பிஸ்டன் மேலே போகும்போதும் கீழே வரும்போதும் அந்த ஜன்னல்களைத் தானே மூடித் திறக்கும். வாட்ச்மேன் வேலையும் அதுதான், முதலாளி வேலையும் அதுதான்.

நாம் இன்று ஓட்டுகிற ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு தடவை சக்தி பிறக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடி! அதனால்தான் 1985ல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100, வெறும் 98 சி.சி.யை வைத்துக்கொண்டு 11 குதிரைசக்தி கொடுத்தது. காலேஜ் பையன்கள் அதன் பின்னால் பைத்தியமாய் அலைந்ததற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

பெட்ரோல், எண்ணெய், காற்று மூன்றும் கலந்த கலவை முதலில் கிராங்க் இருக்கும் பெட்டிக்குள் போகும். அங்கே இறுக்கப்பட்டு, பிறகு மேலே ஏறி எரியும். இந்த எளிமையான ஏற்பாட்டுக்கு இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசஃப் டே என்பவர் 1890களின் தொடக்கத்தில் வழி காட்டினார். நூறு வருஷத்துக்கு மேலாக அதே தத்துவம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

சேட்டக்கை ஸ்டார்ட் செய்வதற்கு முன் அப்பா ஏன் அதை ஒரு பக்கமாகச் சாய்த்தார் தெரியுமா? வண்டிக்குத் தூக்கம் கலைக்கவோ, அக்கம்பக்கத்தாருக்கு வணக்கம் சொல்லவோ இல்லை. சாய்த்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக வழியும். கலவை கெட்டியாகும். குளிர்ந்து கிடக்கிற எஞ்சின் சட்டென்று பிடித்துக்கொள்ளும். அதாவது, சோக் செய்கிற வேலையை அப்பா இடுப்பால் செய்தார்!

பாரிஸிலிருந்து திருப்பதி வழியாக...

புதுச்சேரிக்கும் இந்தச் சின்ன எஞ்சின்களுக்கும் பொருத்தம் அதிகம். மேடு பள்ளமில்லாத ஊர். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேர்நேரான வீதிகள். மிஷன் வீதியில் கிளம்பினால் ஐந்து நிமிஷத்தில் கடல், பத்து நிமிஷத்தில் முத்தியால்பேட்டை. இதற்கு எதற்கு ஐந்நூறு சி.சி.? ஐம்பதே தாராளம்!

பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரின் நிர்வாகத்தை 1954 நவம்பர் 1ல் ஒப்படைத்தார்கள். சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்ட் 16ல் நடந்தது. அவர்கள் போன பிறகு, அவர்கள் நாட்டு மொபெட் ஒன்று வேறு வழியாகத் தென்னிந்தியாவுக்குள் நுழைந்தது. அது ஒரு சுவாரஸ்யமான கதை.

பிரான்சில் 'மோட்டோபெக்கான்' கம்பெனி 1949ல் 'மோபிலெட்' என்ற மொபெட்டைக் கொண்டுவந்தது. மிதிக்கலாம், எஞ்சினிலும் ஓட்டலாம். பாதிரியாரிலிருந்து பால்காரர் வரை பிரான்ஸ் முழுக்க அதில்தான் போனார்கள். 1997 வரை ஒரு கோடிக்கும் மேலே தயாரித்துத் தள்ளினார்கள். அந்த மோட்டோபெக்கானின் தொழில்நுட்பத்தை வாங்கி நம்ம ஊரில் செய்த வண்டிதான் 'சுவேகா'. செய்த இடம் எது தெரியுமா? திருப்பதி! அந்தக் காலத்தில் திருப்பதியிலிருந்து லட்டு மட்டுமல்ல, மொபெட்டும் வந்தது.

அதற்குப் பிறகு ஒரு பட்டாளமே வந்தது. 1972ல் புனேயிலிருந்து இத்தாலி நாட்டு 'பியாஜியோ' தொழில்நுட்பத்தில் லூனா. 1980ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50. 'மொபெட்டில் இரண்டு பேர் போகலாம்' என்று தைரியம் கொடுத்தது அதுதான். நம்மாட்கள் இரண்டு பேரோடு நிறுத்தினார்களா என்ன! முன்னால் ஒரு குழந்தை, பின்னால் மனைவி, மனைவி மடியில் ஒரு குழந்தை, ஹேண்டில்பாரில் காய்கறிப் பை... பாவம், அந்த 50 சி.சி. எத்தனை குடும்பத்தைக் கரையேற்றியிருக்கிறது!

மைசூரில் செய்த ஜாவாவின் மவுசு தனி. செக்கோஸ்லோவாகியாவில் யானெச்செக் என்கிற தொழிலதிபர் 1929ல் 'வான்டரர்' கம்பெனியின் டிசைனை வாங்கினார். தன் பெயரின் 'ஜா'வையும் வான்டரரின் 'வா'வையும் ஒட்டி 'ஜாவா' என்று பெயர் வைத்தார். (அவர்கள் மொழியில் அதை 'யாவா' என்பார்கள்.) அது 1960களில் மைசூருக்கு வந்து, 1973 முதல் 'யெஸ்டி' ஆனது. மைசூர் ஃபேக்டரி 1996ல் மூடப்பட்டது. ஆனால், வண்டிகள் மூடுவிழாவைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒவ்வொரு ஜூலையும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஜாவா பிரியர்கள் ஊருக்கு ஊர் கூடி ஊர்வலம் போகிறார்கள். கியர் போடுகிற அதே லீவரைத் திருப்பி, அதையே கிக்கராகப் போட்டு உதைக்கிற காட்சியைப் பார்க்கக் கோடி கண் வேண்டும்!

வில்லன் வேஷம் ஏன் வந்தது?

இவ்வளவு நல்ல எஞ்சினை ஏன் நிறுத்தினார்கள்? இங்கேதான் ரசிகர்கள் கொஞ்சம் மனசைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும்.

டூ-ஸ்ட்ரோக்கில் எரிந்த புகை வெளியே போகிற ஜன்னலும், புதுக் கலவை உள்ளே வருகிற ஜன்னலும் கொஞ்ச நேரம் ஒன்றாகவே திறந்திருக்கும். முன்வாசலில் வந்த விருந்தாளி, சாப்பிடாமலே கொல்லைப்புறம் வழியாகப் போய்விடுகிற மாதிரி, உள்ளே வந்த பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியாக வெளியேறும். எஞ்சினையும் வேகத்தையும் பொறுத்து இந்த நஷ்டம் 15 முதல் 40 சதவீதம் வரை இருக்கும் என்பது பொறியாளர்கள் கணக்கு. நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் கால்வாசிக் காசை ரோட்டில் தெளித்துக்கொண்டே போவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தெளிப்பு நம் நுரையீரலுக்கு. கூடவே எண்ணெய்ப் புகை.

1991ல் முதல் புகைக் கட்டுப்பாடு வந்தது. 1996லும் 2000லும் அதை இறுக்கினார்கள். ஆர்.எக்ஸ். 100 அந்த 1996லேயே நின்றது. டெல்லி காற்றைக் காப்பாற்ற 1998ல் சுப்ரீம் கோர்ட் போட்ட உத்தரவுகளில், டூ-ஸ்ட்ரோக் எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்கக்கூடாது என்பதும் ஒன்று. கண்மதிப்பில் ஊற்றுகிற எண்ணெய்தான் பாதிப் புகைக்குக் காரணம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அடுத்தடுத்து வந்த பாரத் ஸ்டேஜ் விதிகளில், மொபெட் உட்பட எல்லோரும் ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு மாறிவிட்டார்கள்.

ஆகவே, பழைய டூ-ஸ்ட்ரோக்குக்கு உயிர் கொடுக்கிறவருக்கு ஒரு கடமை இருக்கிறது. தினம் ஆபீஸ் போக அது வேண்டாம். வாரம் ஒரு நாள், சரியான எண்ணெய் அளவோடு, சரியாக ட்யூன் செய்து ஓட்டுங்கள். அப்படி ஓட்டினால் பின்னால் வருகிறவர் திட்ட மாட்டார். திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

ஸ்பேனருக்கு முன்னால் பேப்பர்!

வண்டி வீட்டிலேயே இருந்தால் சரி. வெளியில் வாங்குவதாக இருந்தால் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். இப்போது நல்ல ஆர்.எக்ஸ். 100க்கு லட்ச ரூபாய்க்கு மேலே கூசாமல் கேட்கிறார்கள். "சார், பேப்பர் கொஞ்சம் மிஸ்ஸிங்... அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்!" என்று யாராவது சொன்னால், ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்த வழியே திரும்பிவிடுங்கள். பேப்பர் இல்லாத வண்டி ரோட்டில் ஓடாது, ஷோகேஸில்தான் நிற்கும்.

எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நம்பரைச் சுரண்டி மறுபடி அடித்த தடயம் இருந்தால் அது திருட்டு வண்டியாக இருக்கலாம். வீட்டுக்கு வண்டி வருவதோடு போலீஸும் வரும்.

சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 வருஷம். அதன்பின் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 20 வருஷத்தைத் தாண்டிய டூ-வீலரைப் புதுப்பிக்க 2025 ஆகஸ்டில் கட்டணத்தை 2,000 ரூபாய் ஆக்கினார்கள். பல வருஷம் புதுப்பிக்காமல் கிடந்த வண்டி என்றால் தாமதக் கட்டணமும் சேரலாம். ஸ்பேனரைத் தொடும் முன்பு போக்குவரத்து ஆபீஸில் ஒரு நடை கேட்டுவிடுவது உத்தமம்.

நம்ம ஊருக்கென்று ஒரு தனித் தலைவலி உண்டு. கோரிமேட்டைத் தாண்டினால் தமிழ்நாடு! மச்சான் விழுப்புரத்தில் இருக்கிறார் என்று டி.என். நம்பர் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, 12 மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்திருந்தால் அது பி.ஒய். நம்பருக்கு மாற வேண்டும். அந்த ஊர் ஆபீஸில் தடையில்லாச் சான்று வாங்கித்தான் இங்கே பதிய முடியும்.

ஐம்பது வயதைத் தாண்டிய வண்டியா? அதற்கு ராஜமரியாதை! 2021ல் மத்திய அரசு 'வின்டேஜ்' வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 வருஷம் முடிந்திருக்க வேண்டும், பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் ஆதி உருவத்தில் இருக்க வேண்டும். புதிதாகப் பதிவதற்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. சான்றிதழ் பத்து வருஷம் செல்லும். புதிதாகப் பதிகிற வண்டியின் நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஆனால், கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போடுவது, ரிப்பேர் என்று குறிப்பிட்ட காரியங்களுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். தினசரி உபயோகத்துக்குக் கூடாது. தாத்தாவை ஆபீஸுக்கு அனுப்பக்கூடாது என்கிறது சட்டம். நியாயம்தானே?

புகைச் சான்றிதழும் வேண்டும். 2000 மார்ச் 31 வரை தயாரான டூ-வீலருக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பி.பி.எம். வரை சலுகை உண்டு. ஒழுங்காக ட்யூன் செய்த வண்டிக்கு இது எட்டாத உயரம் இல்லை.

நாலு ஞாயிற்றுக்கிழமை

முதல் ஞாயிறு: வெறுமனே பார்ப்பது. ஆசையில் ஓடிப்போய்க் கிக்கரை உதைக்காதீர்கள்! வருஷக்கணக்காக நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். ஓங்கி உதைத்தால் ரிங் உடைந்து ஜன்னலில் மாட்டிக்கொள்ளும். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறப்போடுங்கள். மறுநாள் கையால் மெதுவாகக் கிக்கரை அழுத்துங்கள். நகர்ந்தால், பாதி ஜெயித்தாயிற்று.

இரண்டாவது ஞாயிறு: பெட்ரோல் டேங்க். புதுச்சேரியின் உப்புக்காற்று குரோமியத்தையே அரிக்கும் என்றால், டேங்கின் உள்பக்கத்தை விடுமா? பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு வினிகர் ஊற்றி ஊறவைத்து, சின்னச் சின்ன நட்டுகளைப் போட்டுக் குலுக்குங்கள். செம்மண் குழம்பு மாதிரி வரும். நன்றாகக் கழுவி, சுத்தமாகக் காயவைத்து, உடனே கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் விட்டுச் சுழற்றிவிடுங்கள். 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று விட்டால் ராத்திரிக்குள் கடல்காற்று மறுபடி துரு ஏற்றிவிடும்.

மூன்றாவது ஞாயிறு: கார்புரேட்டரும் கரண்டும். கார்புரேட்டரைக் கழற்றும்போது ஒரு பழைய எவர்சில்வர் தட்டில் கழற்றிய வரிசையிலேயே அடுக்குங்கள். செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜெட் துவாரத்தை ஊசியால் குத்தக்கூடாது, காற்று அடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். துவாரம் ஒரு நூல் பெரிதானாலும் கலவைக் கணக்குத் தப்பிவிடும். அடுத்து, சி.பி. பாயிண்ட். பழைய வண்டிகளில் இடைவெளி பொதுவாக 0.4 மில்லிமீட்டர் பக்கம் இருக்கும். உங்கள் வண்டியின் கணக்கை மானுவலில் பார்த்து, ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்யுங்கள். கண்ணால் அளக்கிற கணக்கு வேண்டாம்.

நான்காவது ஞாயிறு: கரி எடுப்பது. எண்ணெயும் சேர்ந்து எரிவதால் பிஸ்டன் தலையிலும் சைலன்சருக்குள்ளும் கரி படியும். மூக்கடைத்த மனுஷன் மாதிரி வண்டி இழுக்காமல் முனகும். பிஸ்டன் அலுமினியம். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் கீறல் விழும். மூங்கில் குச்சியைச் சீவிச் சுரண்டுவது பத்திரம்.

கையை விட்டுப் போகிற வேலைகளும் உண்டு. சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் போரிங் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். பொதுவாக 0.25 மில்லிமீட்டரில் ஆரம்பித்து 1 மில்லிமீட்டர் வரை படிப்படியாக ஏறும். அதற்கு மேல் போனால் புது ஸ்லீவ்தான். ஆகவே, தேவையில்லாமல் ஒரு படியை வீணாக்காதீர்கள். வண்டிக்கு இருப்பதே நாலைந்து ஆயுசுதான்.

ஆயில் சீலை மறந்தே போவார்கள். கியர் பக்கத்துச் சீல் போனால் எஞ்சின் கியர் எண்ணெயைக் குடித்துக்கொண்டு வெள்ளைப் புகையாய் விடும். மேக்னெட் பக்கத்துச் சீல் போனால் வெளிக்காற்றை இழுத்து, கலவை நீர்த்து, எஞ்சின் சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சின்ன ரப்பர் வளையம்தான். அதை மிச்சம் பிடித்தால் பிஸ்டனில் செலவு!

இன்னொரு விண்ணப்பம், இளவட்டங்களுக்கு. சைலன்சரை அறுக்காதீர்கள். டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்சர் எஞ்சினின் பாதி. உள்ளே போய்த் திரும்புகிற அழுத்த அலைதான், ஓடிப்போகப் பார்க்கிற புதுக் கலவையைக் கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளுகிறது. அறுத்தால் சத்தம் வரும், இழுவை போகும். கூடவே அபராதமும் வரும்.

கலவைக் கணக்கு

வண்டி கிளம்பிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 'டுர்ர்ர்...' என்று சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பெரியவர் ஓடிவருவார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா தாத்தாவாக இருந்தால் கேட்கவே வேண்டாம். பாரிஸ் கதை ஒரு மணி நேரம் ஓடும்! கதையைக் கேட்டுக்கொண்டே எண்ணெயை மறந்துவிடாதீர்கள்.

சேட்டக்குக்கு ஒரு லிட்டருக்கு 20 மில்லி. பழைய ஜாவா, யெஸ்டி வகைகளுக்கு 30 முதல் 40 மில்லி. உங்கள் வண்டிக்கு மானுவல் சொல்வதே வேதம். மருந்துக் கடையில் கிடைக்கிற அளவு மூடியால் அளந்து ஊற்றுங்கள். பாட்டிலில் 'ஜாஸோ எஃப்.சி.' அல்லது 'எஃப்.டி.' என்று போட்டிருந்தால் அது புகை குறைந்த ரகம். "கூடுதலா ஊத்தினா எஞ்சினுக்கு நல்லது தம்பி" என்பார்கள் சிலர். நம்பாதீர்கள். கூடினால் புகையும் கரியும், குறைந்தால் பிஸ்டன் ஜாம். ஆர்.எக்ஸ். 100 மாதிரி தனி எண்ணெய் டேங்கும் பம்பும் உள்ள வண்டியில் பம்ப் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே ரோட்டில் இறங்குங்கள்.

ஜாம் ஆவது என்பது விளையாட்டில்லை. ஈ.சி.ஆரில் எழுபதில் போகும்போது பிஸ்டன் பிடித்துக்கொண்டால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அதனால்தான் பழைய ஆட்கள் எப்போதும் இரண்டு விரலை கிளட்ச் மேலேயே வைத்திருந்தார்கள். எஞ்சின் சத்தம் திடீரென்று தொண்டை கட்டின மாதிரி மாறினால், சட்டென்று கிளட்சைப் பிடியுங்கள். அந்த ஒரு வினாடிதான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம். ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

ஏற்காடு மாதிரி மலைக்குப் போனால் இறக்கத்தில் இன்னொரு ஜாக்கிரதை. ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடிவிட்டு கியரிலேயே உருட்டினால், பெட்ரோலோடு கலந்து வருகிற எண்ணெயும் நின்றுவிடும். எஞ்சின் பட்டினியோடு சுற்றும். இடையிடையே லேசாகத் திருகி ஒரு வாய் எண்ணெய் ஊட்டுங்கள்.

வண்டியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிய ஸ்டெதஸ்கோப் வேண்டாம், பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் போதும். முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் பரம சௌக்கியம். கன்னங்கரேலென்று ஈரமாக இருந்தால் பெட்ரோலோ எண்ணெயோ அதிகம். வெள்ளையாக வெளிறியிருந்தால் கலவை நீர்த்திருக்கிறது, சூடு ஏறுகிறது என்று அர்த்தம். உடனே கவனியுங்கள்.

இப்போதைய புது வில்லன் எத்தனால். 2025க்குள் நாடு முழுக்க பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வர ஆரம்பித்துவிட்டது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். கடலோர ஊரில் கேட்கவே வேண்டாம். அந்தக் காலத்து ரப்பர் டியூபும் வாஷரும் ஊறி உப்பிவிடும். கலவையும் கொஞ்சம் நீர்த்துப்போகும். அதனால் டியூபையும் ரப்பர் சாமான்களையும் புதுசாக மாற்றுங்கள். தேவைப்பட்டால் மெக்கானிக்கைக் கேட்டு ஒரு சைஸ் பெரிய ஜெட் போடுங்கள். அந்தந்த வாரத்துக்கு வேண்டிய பெட்ரோலை மட்டும் கலந்துகொள்ளுங்கள். வீடு நெருங்கும்போதே பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டர் காலியாகும் வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

கையில் இருக்கிற படிப்பு

இதையெல்லாம் எந்தப் புத்தகத்தில் படிப்பது? பெரும்பாலும் புத்தகத்தில் இல்லை. கிரீஸ் படிந்த கைகளில் இருக்கிறது. சத்தத்தைக் கேட்டே "தம்பி, பாயிண்ட் தீஞ்சிருக்கு" என்று சொல்லக்கூடிய பழைய மெக்கானிக்குகள், மரத்தடிப் பெட்டிக்கடை அளவு ஷெட்டில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் பழகிய பையன்கள் கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கிற ஷோரூமுக்குப் போய்விட்டார்கள். குறை சொல்ல முடியாது, சம்பளம் அங்கேதான். ஆனால், அந்தப் பெரியவர் கடையை மூடுகிற நாளில் அவர் காதில் இருக்கிற ஐம்பது வருஷமும் சேர்ந்து மூடிவிடும். சாமான்கூட எங்கேயாவது கிடைத்துவிடும். சென்னை புதுப்பேட்டையில் சல்லடை போட்டுத் தேடினால் எதுவும் அகப்படும். காது கிடைக்காது!

அதனால், வண்டியைக் கொடுத்துவிட்டு 'சாயங்காலம் வர்றேண்ணே' என்று கிளம்பிவிடாதீர்கள். பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள். ஸ்பேனர் எடுத்துக் கொடுங்கள். ரெண்டு டீ சொல்லுங்கள். "ஏண்ணே, இதை ஏன் இப்படித் திருகுறீங்க?" என்று கேளுங்கள். முதல் வாரம் முறைப்பார். இரண்டாவது வாரம் பதில் சொல்வார். மூன்றாவது வாரம், "இந்தா, நீயே பண்ணு" என்று ஃபீலர் கேஜை உங்கள் கையில் கொடுப்பார். மாதம் முழுக்கக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நம்பர் அடித்துக்கொண்டிருக்கிறவருக்கு, தன் கையால் ஒரு எஞ்சின் உயிர் பெறுவதைப் பார்ப்பதில் இருக்கிற சந்தோஷம் எந்த இன்கிரிமென்டிலும் கிடைக்காது.

எல்லாம் முடிந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சாயங்காலம் வேண்டாம், கடற்கரைச் சாலை அப்போது நடப்பவர்களுக்கு மட்டும்தான். வண்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, சாவியை அப்பாவிடம் கொடுங்கள். "எனக்கெதுக்குடா... முட்டி வலி" என்பார். சொல்லிக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டுவார். பழக்கம் மாறாமல் வண்டியை ஒரு பக்கம் சாய்ப்பார். அப்புறம், யாரும் எதிர்பார்க்காத விதமாக, பின் சீட்டைத் துணியால் துடைத்துவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார்.

காயலான் கடைப் பேச்சு அன்றோடு க்ளோஸ்!